எண்ணிக்கை சிறுத்தால் உரிமையும் சிறுக்குமோ?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் முழு வடிவம்)



இந்தியக் கிராமத்தின் சனத்தொகையையும் அக்கிராமத்துக்குச் செல்லும் வழியையும் பற்றிப் பேச நாம் இன்று முன்வந்துள்ளோம். "அயல்நாட்டு ஊரின் தெருவைப்பற்றி நமக்கென்ன?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குரிய விடையை உரையின் இறுதியில் தருவோம். அதுவரை பொறுமையோடு செவிசாய்க்குமாறு வேண்டுகிறோம்.

நாம் சட்டத்தொழில் புரிபவர். நம்மிடம் வரும் வழக்குகளுள் பாதைவழக்குக்குக் குறைவில்லை. நான்கு புறமும் பிறர் காணியால் அடைபட்ட ஒரு துண்டு நிலத்தின் உடையவன், தெருவுக்கு வர வழியில்லை என்று முறையிடுகிறான். சட்டம் அவனைக் கைவிடுவதில்லை. இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம், அயலானுக்கு நட்டஈடு கொடுத்தேனும் அவனுக்கு அவசியவழி உண்டென ஒப்புக்கொள்கிறது. இந்தியாவிலே 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், ஒன்றாயிருந்த நிலம் பிரிக்கப்படும்போது வழியற்றுப்போகும் துண்டுக்கு வழியுரிமை அளிக்கிறது. இவ்வழக்குகளில் நீதிபதி என்ன கேட்கிறார்? வேறு வழி உண்டா, தேவை மெய்யானதா, எப்பக்கத்தால் வழிவிட்டால் அயலானுக்குத் துன்பம் குறைவு என்று கேட்கிறார். "உன் வீட்டில் எத்தனை பேர்?" என்று அவர் ஒருபோதும் கேட்பதில்லை. ஒருவனே குடியிருந்தாலும் வழி வழியே.

ஆனால் ஒரு தனிமனிதன் அயலானிடம் கேளாமல், ஒரு கிராமம் தன் அரசாங்கத்திடம் வழி கேட்டால் நிலைமை தலைகீழாகிறது. அங்கே எழும் முதற்கேள்வியே "நீங்கள் எத்தனை பேர்?" என்பதுதான். இந்தக் கேள்வியின் வரலாற்றைத்தான் நாம் இன்று ஆராயப்போகிறோம்.

1943ஆம் ஆண்டு இந்திய மாகாணங்களின் தலைமைப் பொறியியலாளர்கள் நாகபுரியிலே கூடி, நாடு முழுவதற்கும் ஒரு சாலைத் திட்டம் வகுத்தனர். வேளாண்மை செழித்த பகுதிகளில் எந்தக் கிராமமும் பெருஞ்சாலையிலிருந்து ஐந்து மைலுக்கு அப்பால் இருத்தலாகாது என்பது அவர்களின் நோக்கம். ஐந்து மைல் என்பது நெல்மூட்டை சுமப்பவனுக்கும் பிரசவ வேதனையில் துடிப்பவளுக்கும் எத்தகைய தூரம் என்பதை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் அன்றைய நிலையில் அது பெரியதோர் எண்ணமே. பின்னர் 1974இல் தொடங்கிய ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில், ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேற்பட்டோர் வாழும் கிராமங்களுக்கு எக்காலத்துக்கும் ஏற்ற சாலை அமைப்பது குறைந்தபட்சத் தேவைகளுள் ஒன்றாக வகுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆந் திகதி பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியபோது அவ்வெல்லை இன்னும் இறங்கியது. முதலில் ஆயிரம் பேர் வாழும் குடியிருப்புகள். அடுத்து, சமவெளியில் ஐந்நூறு பேர் வாழ்பவை. மலைநாட்டிலும் பாலையிலும் பழங்குடிப் பிரதேசங்களிலும் இருநூற்றைம்பது பேர் வாழ்பவை. ஆயுதக் கிளர்ச்சியால் மிகவும் பாதிக்கப்பட்ட வட்டாரங்களில் நூறுபேர் வரையும் அவ்வெல்லை பின்னர் தாழ்த்தப்பட்டது.

இத்திட்டத்தைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. 2024 வரை அதன்கீழ் ஏழு இலட்சம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட கிராமச் சாலைகள் அமைக்கப்பட்டன. ஐந்நூறுபேர் ஊர்களை 2007க்குள் இணைப்போம் என்ற முதல் வாக்கு நிறைவேறவில்லை. 2019 மார்ச்சு வரை காலம் நீண்டது. ஆயினும் எண்பது கோடிக்கு மேற்பட்ட மக்கள் கிராமங்களில் வாழும் ஒரு நாட்டில் இது பெரும்பணியே.

இத்திட்டத்திலே நமது கவனத்துக்குரிய நுட்பம் ஒன்று உண்டு. அது எதனை ஊர் என்று கொள்கிறது? குடிசனமதிப்பு எண்ணும் கிராமம் வேறு. மனிதன் வாழும் ஊர் வேறு. குடிசனமதிப்பின் கிராமம் என்பது வரிப்பதிவேட்டிலுள்ள வருவாய்க் கிராமம். 2011ஆம் ஆண்டின் கணக்கில் அத்தகையவை ஆறு இலட்சத்து நாற்பதினாயிரம் அளவில் இருந்தன. ஒரே வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் தாயூர் ஒன்றும், அதைவிட்டு விலகிய சிற்றூர்கள் பலவும், சேரியும் அடங்கியிருக்கும்.

உதாரணம் ஒன்றை அமைத்துப் பார்ப்போம். ஒரு வருவாய்க் கிராமத்தில் ஆயிரத்து எண்ணூறு பேர் வாழ்கின்றனர் என்று கொள்வோம். தாயூரில் ஆயிரத்து இருநூற்றெண்பது பேர். பஸ் வண்டி அங்கே நிற்கிறது. வாய்க்காலுக்கு அப்பால் முந்நூறுபேர் கொண்ட சேரி. அதற்கும் அப்பால் இருநூற்றிருபது பேர் வாழும் சிற்றூர். குடிசனமதிப்பின் கிராமப் பட்டியலில் "பஸ் வசதி உண்டா?" என்ற கூறு உள்ளது. கிராமத்துள் உண்டெனின் "உண்டு". இல்லையெனின் வசதி கிடைக்கும் இடம் ஐந்து கிலோமீற்றருக்குள்ளா, ஐந்துக்கும் பத்துக்கும் இடையிலா, பத்துக்கு மேலா என்பது குறிக்கப்படும். நமது உதாரணக் கிராமத்துக்கு எழுதப்படும் விடை "உண்டு" என்பதே. ஏட்டின்படி ஆயிரத்து எண்ணூறு பேருக்கும் பஸ் உண்டு. மெய்யிலோ ஐந்நூற்றிருபது பேர் மாரிகாலத்தில் முழங்காலளவு சேற்றில் நடக்கின்றனர். அவர்கள் ஏட்டில் இல்லாதவர்கள் அல்லர். ஏட்டில் மறைந்துபோனவர்கள்.

இக்குறையை அறிந்தே கிராமச் சாலைத் திட்டத்தை வகுத்தோர், வருவாய்க் கிராமத்தை விடுத்துக் குடியிருப்பை அலகாகக் கொண்டனர். இது நாம் மனமாரப் பாராட்ட வேண்டிய செயல். சமவெளியில் சாலையிலிருந்து ஐந்நூறு மீற்றருக்கு அப்பாலுள்ள குடியிருப்பு இணைக்கப்படாதது எனக் கொள்ளப்படும். மலையில் நடைதூரம் ஒன்றரைக் கிலோமீற்றர். ஐந்நூறு மீற்றர் சுற்றளவிற்குள் அடுத்தடுத்துள்ள குடியிருப்புகளின் சனத்தொகையைக் கூட்டிக் கணக்கிடவும் விதி இடந்தருகிறது. நமது உதாரணத்தில் சேரிக்கும் சிற்றூருக்கும் இடைத்தூரம் நானூறு மீற்றராயின், இரண்டும் சேர்ந்து ஐந்நூற்றிருபது பேர். சாலைக்குத் தகுதி உண்டு. இடைத்தூரம் அறுநூறு மீற்றராயின் முந்நூறு தனி, இருநூற்றிருபது தனி, இரண்டுக்கும் தகுதியில்லை. மனிதர் அதே மனிதர். சேறும் அதே சேறு. அளவுநாடா இருநூறு மீற்றர் நீண்டதால் உரிமை அற்றுப்போகிறது!

எல்லைக்கோட்டின் தன்மையைப் புரிந்துகொள்ள வேறொரு சான்றும் உண்டு. சாம் ஆஷர், பால் நோவோசாட் என்ற இரு பொருளியல் அறிஞர் இத்திட்டத்தின் பயனை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். சாலையின் பயனை எவ்வாறு அளந்தனர்? எல்லைக்குச் சற்று மேலே நின்ற ஊர்களையும் சற்றுக் கீழே நின்ற ஊர்களையும் ஒப்பிட்டனர். ஐந்நூற்றுப் பத்துப்பேர் வாழும் ஊரும் நானூற்றுத் தொண்ணூறு பேர் வாழும் ஊரும் மற்றெல்லா வகையிலும் ஒத்தவை. ஆகவே பின்னர் தோன்றும் வேற்றுமை சாலையால் விளைந்ததே என்பது அவர்களின் நியாயம். ஆய்வுக்கு இது சிறந்த முறை. ஆனால் நீதியின் கண்கொண்டு நோக்குங்கள்! இரு ஊர்களும் எவ்வகையிலும் வேறுபட்டவை அல்ல என்று அறிவியலே ஒப்புக்கொள்கிறது. அப்படியாயின் ஒன்றுக்குச் சாலையும் மற்றொன்றுக்குச் சேறும் அளிப்பதற்கு நியாயம் யாது?

"பணம் அளவுள்ளது, ஒரே நாளில் எல்லா ஊருக்கும் சாலை போட இயலுமா?" என்று உத்தியோக அன்பர்கள் கேட்பார்கள். நேர்மையான கேள்வி. நாமும் அதனை ஒப்புக்கொள்கிறோம். ஒரு கோடி ரூபாய் கையிலிருந்தால் ஐம்பது பேருக்குமுன் ஐந்நூறுபேருக்குச் செலவிடுவதே முறை. ஆனால் வரிசை வேறு, வரம்பு வேறு. வரிசை "உனக்கு முறை பின்னால் வரும்" என்கிறது. வரம்போ "உனக்கு முறையே இல்லை" என்கிறது. எண்ணிக்கை, முன் பின் என்பதைத் தீர்மானிக்கட்டும். உண்டு இல்லை என்பதைத் தீர்மானிக்க அதற்கு அதிகாரம் இல்லை. நாம் இன்று சொல்லவந்தது இவ்வொன்றே.

வரம்பு செய்யும் கேடு அநீதியோடு நிற்பதில்லை. அது தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். வழியில்லாத ஊருக்கு ஆசிரியர் வரமாட்டார், மருத்துவத் தாதி தங்கமாட்டார், பால்வண்டி வராது, பெண் கொடுக்கவும் அஞ்சுவர். இயன்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியேறுவர். அடுத்த குடிசனமதிப்பில் அவ்வூரின் தொகை இன்னும் சிறுத்திருக்கும். அப்பொழுது அதிகாரி ஏட்டைப் புரட்டி, "இத்தனை சிறிய ஊருக்குச் சாலை எதற்கு?" என்பார். வழியின்றிச் சனம் குறைந்தது; சனம் குறைந்ததால் வழி மறுக்கப்பட்டது. செய்த குற்றத்தையே மறுபடி செய்வதற்குக் காரணமாகக் காட்டுவது எந்த நீதிமன்றத்திலும் செல்லாது.

இனி, வழிக்காகப் போராடிய இருவகை மக்களைப் பாருங்கள்.

பீகார் மாநிலம் கயா மாவட்டத்தில் கெஹ்லோர் என்றோர் ஊர். ஊருக்கும் வைத்தியசாலைக்கும் இடையே ஒரு குன்று. அவ்வூரில் தாழ்த்தப்பட்டோருள்ளும் தாழ்த்தப்பட்ட முசகர் குலத்திற் பிறந்த கூலித்தொழிலாளி தசரத் மாஞ்சி. அவருடைய மனைவி பல்குனி தேவி உரிய நேரத்தில் வைத்தியம் கிடைக்காமல் இறந்தார் என்பது அங்கு வழங்கும் வரலாறு. 1960இல் அவர் சுத்தியலும் உளியும் எடுத்துக் குன்றைக் குடையத் தொடங்கினார். பித்தன் என்று ஊர் நகைத்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1982இல், முந்நூற்றறுபது அடி நீளமான வழி பிறந்தது. அத்திரி, வசீர்கஞ்சு என்ற இரு வட்டாரங்களுக்கும் இடையே ஐம்பத்தைந்து கிலோமீற்றராயிருந்த தூரம் பதினைந்தாகச் சுருங்கிற்று. 2007 ஓகஸ்ட் 17இல் அவர் மறைந்தபின் பத்திரிகைகள் அவரை "மலை மனிதர்" என்று போற்றின. போற்றுதல் தகும். ஆயினும் சட்டம் கற்ற நாம் வேறொன்றையும் காண்கிறோம். ஓர் அரசு சில மாதங்களில் முடிக்கக்கூடிய வேலைக்கு ஒரு மனிதன் தன் வாழ்நாளில் இருபத்திரண்டு ஆண்டுகளைக் கொடுத்தான். அவன் வீரத்தைப் பாடிவிட்டு அக்கணக்கை மறந்துவிடலாகாது.

மற்றது, சிம்லா மாவட்டத்து மலைக்கிராமத்தார் செய்த போராட்டம். அவர்களுட் பெரும்பாலோர் ஏழை அரிசனங்கள். தங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த சாலைவேலை பாதியில் நின்றதைக் கண்டு, இமாசலப் பிரதேச உயர்நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினர். நீதிமன்றம் அக்கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்தது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1986இல் இந்திய உச்சநீதிமன்றம் உமேத்ராம் சர்மா வழக்கில் தீர்ப்பளித்தது. மலைநாட்டு மக்களுக்குச் சாலை என்பது வாழ்வை அடையும் வழி. ஆகவே தக்க சாலைவசதி, அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை காக்கும் உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். செலவின் அளவையும் முன்பின் வரிசையையும் அரசாங்கமும் சட்டசபையும் கவனித்தல் வேண்டும் என்பதையும் நீதிமன்றம் மறக்கவில்லை. அன்பர்களே, நாம் கூறிய வரிசை, வரம்பு என்ற வேறுபாடு இங்கே விளங்குகிறதல்லவா?

மாஞ்சி உளியெடுத்தார், சிம்லா மக்கள் பேனா எடுத்தனர். உளி ஒரு குன்றைப் பிளந்தது. பேனாவோ பிற ஊர்களும் எடுத்துக்காட்டக்கூடிய ஒரு நியாயத்தைப் பெற்றுத் தந்தது.

சாலை வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நாம் மயக்கமூட்டமாட்டோம். மேலே கூறிய ஆய்வு கண்ட முடிவு கமக்காரர் கருதவேண்டியது. சாலை வந்த ஊர்களில் நிலத்தை விட்டு வெளிவேலைக்குச் செல்வோர் தொகை பெருகியது. விளைச்சலிலும் வருமானத்திலும் உடைமையிலும் பெருமாற்றம் காணப்படவில்லை. காரணம் அறிதற்கு அரியதன்று. சாலை வாசலைத் திறக்கும். வாசலுக்கு அப்பால் சந்தையும், கடனுதவியும், நீர்ப்பாசனமும் இல்லாவிட்டால் விளைச்சல் எவ்வாறு பெருகும்? ஆனால் வேறொரு நன்மை தெரிந்தது. சாலை வந்த ஊர்களில் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியோடு நில்லாது மேல்வகுப்புகளிலும் தொடர்ந்து படித்தனர் என்று அதே அறிஞர்கள் பங்குகொண்ட மற்றோர் ஆய்வு கண்டது.

சாலை இருந்தும் அதன்மேற் செல்ல வண்டியில்லையெனின் பயன் அரைப்பங்கே. இங்கே தமிழ்நாடு நல்ல பாடம் தருகிறது. பெரிய பஸ் வண்டி திரும்ப இடமில்லாத சிற்றூர்களுக்காக 1997இல் அங்கு சிற்றுந்துத் திட்டம் தொடங்கப்பட்டது. 2021இல் சாதாரண நகரப் பஸ் வண்டிகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்ல வழிசெய்யப்பட்டது. இவற்றுக்கும் முன்னரே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளோட்டத்தையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஆயிரக்கணக்கான உழைக்கும் பெண்கள் சைக்கிளேறிச் சந்தைக்கும் கூட்டத்துக்கும் சென்றனர். 2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வழங்கத் தொடங்கியபின், தூரத்து ஊர்ப் பெண்பிள்ளைகள் உயர்பள்ளியில் சேர்வது பெருகிற்று. போக்குவரத்து என்பது தாரும் கல்லும் மட்டுமன்று. அப்பாதையில் யார் அச்சமின்றிச் செல்லமுடிகிறது என்பதே அதன் உரைகல்.

கமக்காரர் கவனிக்க வேண்டிய இரு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒன்று மதகு. எக்காலத்துக்கும் ஏற்ற சாலை என்பதற்குத் தார் பூசியிருத்தல் முதல் இலக்கணமன்று. மாரியிலும் வண்டி செல்லத்தக்கதாய், நீர் குறுக்கே ஓட மதகும் பாலமும் அமைந்திருத்தலே இலக்கணம். மதகில்லாத தார்ச்சாலை முதல் வெள்ளத்தோடு போய்விடும். மற்றொன்று பராமரிப்பு. இந்தியத் திட்டத்தில் சாலை போட்ட ஒப்பந்தகாரரே ஐந்தாண்டுகள் அதனைப் பேணவேண்டும் என்பது ஒப்பந்தத்தின் பகுதி. கட்டியவன் கையிலேயே பழுதின் சுமையையும் வைப்பது அறிவுடைய ஏற்பாடு.

மறுபடி எண்ணிக்கைக்கு வருவோம். உரிமை எண்ணிக்கையைப் பற்றி நிற்கும்வரை, எண்ணுவதிற் பிழை நேர்ந்தால் உரிமையும் பிழைக்கும். 2016இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இத்திட்டத்தைப் பரிசோதித்து, தகுதியுள்ள குடியிருப்புகள் சில பட்டியலில் விடுபட்டதையும் சனத்தொகை பிழையாகக் குறிக்கப்பட்டதையும் எடுத்துக்காட்டினார். 2024 செப்டெம்பரில் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இருபத்தையாயிரம் குடியிருப்புகளை அறுபத்தீராயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர் சாலையால் இணைப்பது அதன் இலக்கு. அதற்கும் அடிப்படை 2011ஆம் ஆண்டின் குடிசனமதிப்பே. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டு, 2027 மார்ச்சு முதலாந் திகதியை அடிப்படையாகக் கொண்டு நடைபெறும் என்று 2025 சூனில் அறிவிக்கப்பட்டது. 2011இற் பிறந்த குழந்தை 2024இல் பதின்மூன்று வயதுப் பிள்ளை. அக்குழந்தைக்குப் பின் பிறந்தவர் எவரும் அச்சாலைக் கணக்கில் இல்லை.

"நமக்கென்ன?" என்ற கேள்விக்கு இனி விடை கூறுவோம். எண்ணப்படாதவர்களின் நிலை எது என்பதை நாம் நூலிற் கற்கவில்லை, அனுபவித்து அறிந்தோம். 1981இல் இந்நாட்டில் குடிசனமதிப்பு நடந்தது. 1991இல் நடைபெறவே இல்லை. 2001இல் பதினெட்டு மாவட்டங்களில் மட்டும் நிறைவுற்றது. வடமாகாணத்தின் ஒரு மாவட்டத்திலேனும் நிறைவுறவில்லை. 2012இலேதான் தீவு முழுவதும் மறுபடி எண்ணப்பட்டது. இடைப்பட்ட முப்பத்தோராண்டில் பிறந்தவர், இறந்தவர், பெயர்ந்தவர், திரும்பியவர் எத்தனை பேர் என்பதற்கு முழுமையான ஏடு இல்லை. 2024ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு நமது மீள்குடியேற்ற ஊர்கள் பலவற்றைச் சிறுத்த ஊர்களாகவே கண்டிருக்கும். "இத்தனை பேருக்கு மதகு எதற்கு, பஸ் எதற்கு?" என்று எவரேனும் கேட்டால், சனம் ஏன் குறைந்தது என்று திருப்பிக் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

ஆகவே உங்கள் முன் ஒரு சிறு வேலையை வைக்கிறோம். ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கட்டும். கிராமசேவகர் பிரிவு என்று மொத்தமாக எழுதாமல், குறிச்சி குறிச்சியாக எழுதுங்கள். எத்தனை வீடு, எத்தனை தலை. தார்வீதிக்கு எவ்வளவு தூரம். எந்த மாதத்தில் ஒழுங்கை நீரில் மூழ்குகிறது. மதகு எங்கே வேண்டும். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு. பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் நடக்கின்றனர். படித்த இளைஞர் எழுதட்டும். வயது முதிர்ந்தோர் சரிபார்க்கட்டும். ஊரின் கடைக்கோடியில் ஒதுக்கிவைக்கப்பட்ட குடிசைகளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். அவர்களை நாமே மறைத்துவிட்டு, அரசாங்கம் நம்மை மறைத்தது என்று முறையிடுவதற்கு நமக்கு முகமில்லை.

அக்கொப்பிகளை நம்மிடம் கொண்டுவாருங்கள். அவற்றை மனுவாக்கும் வேலையை நாம் ஏற்றுக்கொள்கிறோம்; கட்டணம் ஒரு சதமும் வேண்டாம். சிம்லா மலையில் ஏழை மக்கள் ஒரு கடிதத்தோடு தொடங்கினர். நம்மிடம் கடிதத்தோடு கணக்கும் இருக்கும்.

அடைபட்ட ஒரு துண்டுக் காணிக்கு வழியுண்டெனின், அடைபட்ட ஊருக்கு வழியில்லையென்று எந்தச் சட்டமும் சொல்லாது. சொல்லுமாயின் திருத்தப்பட வேண்டியது சட்டமே.